செம்பில் களிம்பு: பழுது என்பது இன்மையா, உள்பொருளா?

செய்ய வேண்டிய தொழிலைச் செய்யாமல் ஒரு பொருள் நிற்கும்போது, அதில் இருக்க வேண்டிய ஒன்று இல்லாமற்போயிற்று என்று கொள்வதா, இருக்கக் கூடாத ஒன்று அதில் வந்து சேர்ந்திருக்கிறது என்று கொள்வதா என்பது இந்திய மெய்யியல் மரபுகள் நெடுங்காலம் வாதிட்டு வந்த வினாக்களுள் ஒன்று. உயிரின் அறியாமையைப் பற்றியே இந்த வாதம் பெரிதும் நடந்தது. அறியாமை அறிவின் இன்மை மட்டுமே என்றால், அறிவு வந்ததும் அது தானே ஒழிந்துவிடும். அறிவை மறைத்து நிற்கும் தனிப்பொருள் ஒன்று உண்டு என்றால், அதை அகற்றாத வரையில் எத்தனை நூல் கற்றாலும் உயிருக்கு விடிவில்லை. சைவ சித்தாந்தம் இரண்டாவது கட்சியை எடுத்தது. அந்தப் பொருளை ஆணவ மலம் என்று பெயரிட்டு, செம்பைப் பற்றியிருக்கும் களிம்பை அதற்கு உவமையாகச் சொன்னது. அந்த உவமை கண்முன் நேராகவே நிகழும் இடம் ஒன்று உண்டு. அது பழைய சிறு காரின் வயர்களுக்குள் இருக்கும் செம்புக் கம்பி. மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் பழைய கார்களின் மின்கோளாறுகளைத் தேடிச் சரிசெய்பவர்களின் முறைகளை நெருங்கிப் பார்க்கும்போது, அந்தப் பழைய வாதத்தின் இரு பக்கங்களும் நூல்வழிக் கிடைக்காத ஒரு தெளிவைப் பெறுகின்றன.

இவ்வகைக் கார்களில் மும்பைக்கு மிகவும் சொந்தமானது பிரீமியர் பத்மினி. வால்சந்த் ஹீராசந்த் 1944இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், தாராவிக்கும் செம்பூருக்கும் அண்மையிலுள்ள குர்லா ஆலையில், இத்தாலியின் ஃபியட் நிறுவனத்து உரிமத்தோடு 1964 முதல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் உருவாக்கிய கார் இது. 1970களின் நடுவில் சித்தூர் அரசி பத்மினியின் பெயரைப் பெற்று, மும்பையின் கறுப்பு-மஞ்சள் டாக்சிகளுக்கு முகமாகவே பல பத்தாண்டுகள் ஓடியது. டாக்சிகளுக்கு 20 ஆண்டு வயது வரம்பு உள்ளதால், 2003 அக்டோபர் 29 அன்று பதிவான கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபர் இறுதியோடு தொழிலிலிருந்து விலகியது. தனியார் கைகளில் பேணப்படும் வண்டிகள் இன்றும் இருக்கின்றன. இந்தக் காரில் கணினி கிடையாது. கோளாற்றை எண்ணாகக் காட்டும் கருவியைச் செருகிப் பார்க்க இடமும் கிடையாது. 12 வோல்ட் பேட்டரி, சில ஸ்விட்சுகள், ஃபியூஸ்கள், பல்புகள், இவற்றை இணைக்கும் 'வயரிங் கிட்' எனப்படும் வயர்க்கட்டு ஆகியவற்றோடு மின்னமைப்பு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. எனவே கோளாறு எங்கே என்பதை மனிதரே தம் புலனையும் அறிவையும் கொண்டு அறிய வேண்டியிருக்கிறது. எதைக்கொண்டு எதை அறிகிறோம் என்னும் அளவையியல் வினா, பானெட்டைத் திறந்த உடனேயே எழுந்துவிடுகிறது.

காரின் மின்னமைப்பில் பலருக்கும் வியப்பாக இருப்பது, பல்புக்கு மின்சாரம் போக ஒரு வயர் இருக்கிறதே ஒழியத் திரும்பி வரத் தனி வயர் இல்லை என்பது. பேட்டரியின் ஒரு முனை காரின் இரும்பு உடலோடு இணைக்கப்பட்டிருப்பதால், அந்த உடலே திரும்பும் வழியாகிறது. அந்த இணைப்பைத் தொழிலில் 'எர்த்' என்பார்கள். பின்விளக்குக் கூட்டில் பிரேக் பல்பும் பார்க்கிங் பல்பும் இண்டிகேட்டரும் பெரும்பாலும் ஒரே எர்த்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த எர்த் துருவினால் விட்டுப்போன ஒரு வண்டியில் பிரேக்கை மிதித்தால் பிரேக் விளக்கு எரியாது. ஆனால் பார்க்கிங் பல்பும், மறுபக்கத்துப் பின்விளக்கும், சில வேளை டாஷ்போர்டு விளக்குங்கூட மங்கலாக மினுங்கும். உரிய வழியில் திரும்ப முடியாத மின்சாரம் பார்க்கிங் பல்பின் இழை வழியாகப் பின்னோக்கிப் புகுந்து, அந்த வயரோடு இணைந்த மற்ற விளக்குகள் வழியே உடலைச் சென்றடைவதுதான் காரணம். பார்ப்பவர் 'பிரேக் விளக்குக்குக் கரன்ட் வரவில்லை' என்பார். உண்மையில் கரன்ட் வந்திருக்கிறது. திரும்பப் போக இயலாமல் நிற்கிறது. வெளிப்படும் குறி ஓரிடத்திலும் பழுது வேறிடத்திலும் இருப்பதால், காண்டல் அளவை, அதாவது புலன்களால் நேரே காண்பது, இங்கே போதாது. கண்ட விளைவிலிருந்து காணாத காரணத்தை உய்த்துணரும் கருதல் அளவை தேவைப்படுகிறது.

இதற்கு அப்பாலும் ஒரு சிக்கல் உண்டு. எரியாத விளக்கில் நாம் காண்பது ஒளியின் இன்மை; இன்மையை எந்தப் புலன் காண்கிறது? தரையில் குடம் இல்லை என்று அறியும்போது கண் காண்பது தரையை மட்டுமே என்றால், 'இல்லை' என்ற அறிவு எங்கிருந்து வந்தது என்று நம் மரபினர் வினவினார்கள். பட்ட மீமாம்சையின் ஆசிரியர் குமாரிலர், ஏழாம் நூற்றாண்டில், இன்மையை அறிவதற்குத் தனி அளவை ஒன்று வேண்டும் என்றார். அதற்கு அனுபலப்தி, அதாவது கிடையாமை, என்றும் அபாவம் என்றும் பெயர். நியாய மரபினரான நையாயிகர்கள் இன்மையைப் புலனே பற்றும் என்றார்கள். இந்த விவாதம் தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில், வேதவியாசர் பத்து அளவைகளும் கிருதகோடி எட்டும் சைமினி ஆறும் கொண்டனர் என்ற செய்தி வருகிறது. அந்த வரிசையில் அபாவமும் ஒன்று. 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் இயற்றிய அருணந்தி சிவாசாரியார், அபாவத்தையும் சேர்த்து ஆறென்றும் பத்தென்றும் பிறர் சொல்லும் அளவைகளை எடுத்துக்காட்டிவிட்டு, அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றுக்குள் அடங்கும் என்று முடிவு செய்தார். 18ஆம் நூற்றாண்டில், இன்றைய தாராவித் தமிழர் பலருடைய பூர்வீகமான திருநெல்வேலிச் சீமையில் விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து திருவாவடுதுறை ஆதீனத்தில் வாழ்ந்த சிவஞான முனிவர், அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கி, இன்மையின் வகைகளைத் தமிழ் மாணவர் கையில் சேர்த்தார். பொருள் தோன்றுவதற்கு முந்தைய இன்மை, அது அழிந்த பிறகு நேரும் இன்மை, என்றைக்கும் இல்லாத இன்மை, ஒன்று மற்றொன்றாக இல்லாத இன்மை என அவை நான்கு. நேற்று எரிந்து இன்று எரியாத விளக்கில் இருப்பது இரண்டாம் வகை. அந்த வண்டியில் முதலிலிருந்தே இணைக்கப்படாத விளக்கில் இருப்பது முதல் வகை. பழைய வண்டி பல கைகள் மாறி வருவதால், இவ்விரண்டையும் பிரித்தறியாமல் வேலையைத் தொடங்குகிறவர் ஒருபோதும் இல்லாத வயரைத் தேடிக்கொண்டிருக்கவும் நேரிடும்.

இன்மையை அறிவதற்குக் குமாரிலரின் வழிவந்தோரும் நையாயிகரும் ஒத்துக்கொண்ட நிபந்தனை ஒன்று உண்டு. ஒரு பொருள் இருந்திருந்தால் கண்டிப்பாகத் தென்பட்டிருக்கும் என்ற நிலையில் மட்டுமே, அது தென்படாமை அதன் இன்மைக்குச் சான்றாகும். இருட்டறையில் குடம் தெரியாதது குடம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. இதை யோக்கிய அனுபலப்தி, தகுதியுடைய கிடையாமை, என்பார்கள். ஆட்டோ எலக்ட்ரீஷியனின் கையில் இருக்கும் மிக எளிய கருவி டெஸ்ட் லேம்ப்; கூர்முனை ஒன்றும், கவ்வும் கிளிப் ஒன்றும், இடையில் சிறு பல்பும் கொண்டது. தேர்ந்தவர் அதை எடுத்ததும் சந்தேகத்துக்குரிய வயரைக் குத்திப் பார்ப்பதில்லை. முதலில் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்து அது எரிகிறதா என்று பார்க்கிறார். பல்பே பியூஸ் போயிருந்தால், அது எரியாமை வயரைப் பற்றி எதையும் சொல்லாது. பிறகு அதே எச்சரிக்கையோடு, கிளிப்பைக் கவ்வவைத்த இடம் வண்ணப்பூச்சு இல்லாத இரும்புதானா என்று பார்க்கிறார். இத்தனைக்கும் பிறகு லேம்ப் எரியவில்லை என்றால்தான் 'இங்கே கரன்ட் இல்லை' என்ற சொல்லுக்கு அறிவின் தகுதி வருகிறது. தருக்க நூல்கள் பல பக்கங்களில் நிறுவும் நிபந்தனை, இந்தத் தொழிலில் ஒரு நொடிப் பழக்கமாக இருக்கிறது.

சமய வாதத்தில் இந்த நிபந்தனை மிகப் பெரிய பாரத்தைத் தாங்கியது. கடவுள் காணப்படவில்லை, ஆகவே இல்லை என்ற கட்சிக்கு, நையாயிகரான உதயணர் தம் நியாய குசுமாஞ்சலியில், காணப்படுவதற்குத் தகுதியுள்ள பொருளின் காணாமையே இன்மையைக் காட்டும், கடவுளோ புலனுக்குத் தகுதியான பொருள் அல்லர் என்று விடை சொன்னார். இந்த விடை, கடவுள் உண்டு என்பதற்கான நிரூபணம் ஆகாது. இல்லை என்பதற்கான நிரூபணம் செல்லாது என்பதை மட்டுமே நாட்டுகிறது. அந்த வரம்பை உதயணர் அறிந்திருந்தார். கடவுள் உண்டு என்பதை நாட்டுவதற்கு அவர் வேறு வாதங்களைத் தனியே வகுத்தார். அபாவத்தைத் தனி அளவையாக்கிய குமாரிலரோ படைப்புக் கடவுளை ஏற்கவில்லை. இந்த நிபந்தனையை ஒப்புக்கொண்ட இருவர் அதைக்கொண்டு எதிரெதிர்த் திசைகளில் போக முடிந்தது என்பதைச் சமயத் தருக்கம் பயில்வோர் மனத்தில் இருத்துவது நல்லது.

டெஸ்ட் லேம்ப்பை விட நுட்பமானது டிஜிட்டல் மீட்டர். ஆனால் அந்த நுட்பமே ஓரிடத்தில் ஏமாற்றும். மும்பையின் காற்றில் கடலின் உப்பும் ஈரமும் கலந்திருக்கின்றன. கிங்ஸ் சர்க்கிளிலும் சயானிலும் மழைக்காலத்தில் நீர் தேங்குவது ஆண்டுதோறும் காணும் காட்சி. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான 2005 ஜூலை 26 அன்று குர்லாவும் மித்தி ஆற்றங்கரைப் பகுதிகளும் மூழ்கின. இணைப்புகளுக்குள் புகுந்த நீர் வடிந்த பிறகும், உப்பு அங்கேயே தங்கி, செம்பைப் பச்சை நிறக் களிம்பாக்குகிறது. பிளாஸ்டிக் உறைக்குள் கம்பியிழைகளின் இடுக்கு வழியே ஈரம் ஏறுவதால், வெளியே பளபளப்பாகத் தெரியும் வயரின் உள்ளே சாண் நீளத்துக்குப் பச்சை படர்ந்திருக்கும். அத்தகைய இணைப்பில் ஒரு ஓம் அளவுக்கு மின்தடை ஏற்பட்டதாகக் கொள்வோம். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைத்தால் முழு 12 வோல்ட்டும் காட்டும். மீட்டர் ஒரு கோடி ஓம் அளவுத் தடையோடு மிகமிகக் குறைந்த மின்சாரத்தையே இழுப்பதால், அதற்கு அந்த ஒரு ஓம் பொருட்டே இல்லை. பல்பை மாட்டியதும் நிலை மாறுகிறது. 21 வாட் பிரேக் பல்பு ஒன்றரை ஆம்பியரை இழுக்கும்போது களிம்பிலேயே ஒன்றரை வோல்ட் விழுந்துவிடுகிறது. ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இதைக் கண்டுபிடிக்க, விளக்கை எரியவிட்டபடியே, மீட்டரின் இரு முனைகளையும் இணைப்பின் இரு புறங்களிலும் வைத்து அளக்க வேண்டும். நல்ல இணைப்பில் அந்த அளவு பூஜ்யத்தை ஒட்டியிருக்கும். பழுதானதில் ஒன்றரை என்று நிற்கும். 'பழுது இல்லை' என்று சொல்லிவந்த மீட்டர் இப்போது 'இங்கே இவ்வளவு இருக்கிறது' என்று சொல்கிறது.

இந்த மாற்றம்தான் சித்தாந்தக் கட்சியின் உயிர்நிலை. விளக்கின் மங்கல், ஒளியின் குறைவாகத்தான் முதலில் அறியப்படுகிறது. ஆனால் அந்தக் குறைவுக்குக் காரணமாக நிற்பது அளவும் நிறமும் இடமும் உடைய ஒரு பொருள். அறியாமையைப் பற்றிச் சைவ சித்தாந்தத்தின் மெய்கண்டார் மரபு சொல்வதும் இதுவே. உயிர் இயல்பில் அறிவுடையது. அதன் அறிவு விளங்காமை அறிவின் இன்மையால் நேர்ந்ததன்று, அறிவைத் தடுத்து நிற்கும் உள்பொருளால் நேர்ந்தது. 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில், புற இருள் பிற பொருள்களை மறைத்தாலும் இருள் என்று தன்னையேனும் காட்டிக்கொள்ளும், ஆணவமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும் என்ற கருத்தை வைக்கிறார். உறைக்குள் ஒளிந்து, பாரமில்லாத சோதனையில் தன் சுவடே காட்டாத களிம்பைக் கண்டவர்களுக்கு, இந்த வேறுபாடு எத்தனை கூர்மையானது என்பது எளிதில் விளங்கும். அருணந்தியார் அபாவத்தைத் தனி அளவையாக ஏற்காததும், அதே மரபு மலத்தை உள்பொருளாகக் கொண்டதும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்றே கருதத் தோன்றுகிறது: இன்மையாகக் கண்டதைக் கருதல் அளவையால் ஊடுருவிச் சென்றால், அதன் அடியில் ஓர் உண்மை அகப்படும் என்பது இரண்டுக்கும் பொதுவான துணிபு.

இதற்கு வலிய மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தள்ளிவிட்டுப் போவது நேர்மையாகாது. வயர் களிம்பேறாமல் முற்றிலும் அறுந்திருந்தாலும், விளக்கைப் போட்டபடி அறுந்த இரு முனைகளுக்கிடையே மீட்டரை வைத்தால் அங்கே 12 வோல்ட் முழுவதும் காட்டும். வெறும் இடைவெளியும் எண்ணாகத் தோன்றுமானால், எண் தோன்றுவதைக்கொண்டு பொருள் உண்டு என்று எப்படிச் சொல்வது? இன்மையும் ஒரு பதார்த்தமே என்று அதை ஏழாவதாகக் கணக்கில் சேர்த்த வைசேடிகர், இங்கே தம் கட்சிக்குப் பலம் கிடைத்ததாகச் சொல்லக்கூடும். விடை அளவையில் இல்லை; பழுதுபார்க்கும் செயலில் இருக்கிறது. அறுந்த வயருக்கு ஒன்றைச் சேர்க்க வேண்டும். களிம்பேறிய வயரிலிருந்து ஒன்றை நீக்க வேண்டும். களிம்பேறிய இணைப்பின் மேல் புது வயரை முறுக்கி டேப் சுற்றினால் சில நாள் எரிந்து மீண்டும் மங்கும். அறுந்த இடத்தில் எமரித் தாளைத் தேய்த்துக்கொண்டிருந்தால் எதுவுமே நடக்காது. இரண்டும் மின்னமைப்பில் உண்டு. இரண்டையும் ஒரே பெயரால் 'கோளாறு' என்று அழைப்பதில்தான் குழப்பம். உயிரின் பழுது இவ்விரண்டில் எது என்பதே சமயங்களுக்கிடையேயான வழக்கு. மேலைக் கிறித்தவ மரபில் புனித அகுஸ்தீன் தீமையை நன்மையின் இன்மை என்று கொண்டார். சங்கரருக்குப் பிந்தைய அத்வைதிகள் பலர் அவித்தையை வெறும் இன்மையாகக் கொள்ளாமல் பாவரூபம், அதாவது உள்ளதன் தன்மையுடையது, என்று கொண்டனர். சித்தாந்தி அவர்களையும் தாண்டிச் சென்று, அது உயிரும் இறையும்போல் அநாதியான பொருள் என்றார்.

அநாதி என்ற இந்த இடத்தில் உவமைக்கும் வேதியியலுக்கும் உரசல் நேர்கிறது. களிம்பு செம்போடு உடன்தோன்றியது, பின்னர் வந்து ஒட்டியதன்று என்று சித்தாந்த நூல்கள் கொள்கின்றன; ஆனால் களிம்பு காற்றிலுள்ள கரியமில வாயு, ஈரம், உப்பு ஆகியவற்றோடு செம்பு கூடுவதால் உண்டாவது என்பது இன்று பள்ளி மாணவரும் அறிந்தது. அதனால் உவமை பொய்த்தது என்று சொல்லிவிட வேண்டியதில்லை. செம்பு மண்ணிலிருந்து பெரும்பாலும் தூய உலோகமாகக் கிடைப்பதில்லை. கந்தகத்தோடோ உயிர்வளியோடோ கரியமில வாயுவோடோ கூடிய தாதுவாகவே கிடைக்கிறது. அத்தாதுக்களுள் ஒன்றான பச்சை நிற மாலகைட்டும், பழஞ்செம்புப் பாத்திரத்தில் படியும் பச்சைப் படிவில் முதன்மையான சேர்மமும் ஒன்றே. உலைக்களத்தில் நெருப்பும் உழைப்பும் சேர்ந்து பிரித்தெடுத்த நிலைதான் பளபளப்பான செம்பு. களிம்பு அதன் பழைய கூட்டுறவுக்குத் திரும்பும் நிலை. பண்டை ஆசிரியர்கள் இந்த வேதியியலை அறிந்து சொன்னார்கள் என்று வாதிடுவது மிகையாகும். என்றாலும், களிம்பைச் செம்பின் வரலாற்றுக்கு அந்நியமானது என்று ஒதுக்குவதும் சரியாகாது.

கல்வியைப் பற்றிச் சித்தாந்தம் கொண்டிருக்கும் ஐயமும் இங்கே ஒரு வெளிச்சம் பெறுகிறது. முகப்பு விளக்கு மங்கலாக எரிகிறது என்று கருதி வண்டிக்காரர்கள் அதிக வாட் பல்பை மாட்டுவது வழக்கம். களிம்பேறிய அதே வயரில் 60 வாட் பல்பை மாட்டினால் மூன்றரை ஆம்பியர் அளவு ஓடி, களிம்பில் மட்டும் மூன்றரை வோல்ட் விழும். பல்புக்குக் கிடைப்பது எட்டரை வோல்ட், ஒளி மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. களிம்புள்ள இடம் பன்னிரண்டு வாட் வெப்பத்தால் சூடேறி உறை உருகத் தொடங்கும். தடை நீங்காத வழியில் பெரிதாக எதைக் கேட்டாலும், கேட்டதில் பெரும்பங்கைத் தடையே உண்டுவிடுகிறது. 'யான்', 'எனது' என்னும் செருக்கு நீங்காதவரிடம் சேரும் நூலறிவு அந்தச் செருக்கையே கொழுக்கச் செய்வதைப் பசுஞானம் (உயிர் தன்னையே முதலாகக் கொள்ளும் அறிவு), பாசஞானம் (நூல்களாலும் கருவிகளாலும் வரும் அறிவு) என்று பிரித்துப் பேசிய ஆசிரியர்கள், அறிவு கூடினால் அறியாமை குறையும் என்ற எளிய கணக்கை ஏன் ஏற்கவில்லை என்பதற்கு இதைவிடத் துலக்கமான விளக்கம் கிடைப்பது அரிது.

பழுது உள்பொருள் என்று ஒப்புக்கொண்ட பிறகு, அதை அறிவதும் அகற்றுவதும் ஒன்றா என்ற கேள்வி மிஞ்சுகிறது. 12ஆம் நூற்றாண்டில் சிதம்பரத்தில் வாழ்ந்த அகோரசிவர் முதலிய ஆகம ஆசிரியர்கள், மலம் பொருளாதலின் அதை அறிவு மட்டும் போக்காது என்றார்கள். கண்ணில் படலம் விழுந்திருக்கிறது என்று அறிந்ததால் படலம் விலகிவிடாது, மருத்துவர் கைவைக்க வேண்டும். அதுபோல மலத்தை நீக்கத் தீக்கை என்னும் கிரியை வேண்டும் என்பது அவர்கள் வாதம். கயிற்றைப் பாம்பென மயங்கியவனுக்கு அறிவு போதும், படலத்துக்குப் போதாது. மீட்டரில் ஒன்றரை வோல்ட்டைக் கண்ட தொழிலாளியின் நிலையும் இதுதான். இடம் தெரிந்தது, அளவு தெரிந்தது, விளக்கு மட்டும் முன்போலவே மங்கலாக எரிகிறது. உறையைச் சீவி, பச்சை முடிந்து சிவந்த செம்பு தென்படும் வரை வெட்டி, புது டெர்மினலை அழுத்தி, எர்த் ஆணியைச் சுற்றிய வண்ணப்பூச்சையும் துருவையும் சுரண்டி, ஈரம் புகாதபடி கிரீஸ் தடவிய பிறகே அது தெளிவாக எரிகிறது. செம்பு களிம்பேறும் இயல்பை ஒழிக்காமல் அடக்கி மட்டும் வைக்கும் அந்தக் கிரீஸுக்கும் சித்தாந்தத்தில் இணை உண்டு: முத்தியிலும் மலம் அழிந்துபோவதில்லை, அதன் மறைக்கும் ஆற்றல் மட்டுமே அடங்கி நிற்கிறது என்பதே அந்த நெறியின் துணிபு.

மெய்கண்டார் வழியினர் அகோரசிவரோடு முழுதும் உடன்படவில்லை. சரியை, கிரியை, யோகம் ஆகியவற்றைப் படிகளாக ஏற்றுக்கொண்டு, முத்திக்கு நேர்ச்சாதனம் ஞானமே என்றார்கள். ஆனால் அவர்கள் சொன்ன ஞானம் உயிர் தன் முயற்சியால் தேடிச் சேர்த்த அறிவன்று, குருவாக வந்து அருளும் இறைவனின் பதிஞானம். அறிவது, அகற்றுவது என்று நம் நிலையில் இரண்டாக நிற்பவை அந்த ஞானத்தில் ஒரே செயலாகிவிடுகின்றன என்பது அவர்கள் விடை. இவ்விடத்தில் காரின் வயர் துணைக்கு வருவதை நிறுத்திக்கொள்கிறது. களிம்பு முழுவதும் படர்ந்த வயரைத் தொழிலாளி கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக இழுத்துவிட முடியும், வேண்டுமானால் வயரிங் கிட் முழுவதையும் மாற்றிவிட முடியும். உயிருக்கு மாற்று உயிர் இல்லை என்பதால், களிம்போடு இருக்கும் அதே செம்பிலேயே வேலை நடந்தாக வேண்டும்.